வளிப்பகிர்வா, வளிமுகத்தலா? ஒரு செய்முறைக்குப் பெயர் தேடிய மடல்கள்

பெரம்பூரிலிருந்து, திங்கள் இரவு

குழுவினர்க்கு வணக்கம்.

எங்கள் பயிலகத்தின் முதலாண்டு இயற்பியல் செய்முறைக் கையேடு தமிழில் வரவிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அச்சகத்தில் கோப்பைக் கொடுத்தாக வேண்டும். மற்றச் செய்முறைகளெல்லாம் முடிந்துவிட்டன. ஒன்று மட்டும் தலைப்பில்லாமல் நிற்கிறது.

செய்முறை இதுதான். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியாத ஒரு மூடிய கலம். வளைவும் நெளிவுமாக இருப்பதால் அளவுகோல் வைத்துக் கணக்கிட முடியாது. உட்புறம் நனையக்கூடாது என்பதால் தண்ணீர் ஊற்றியும் அளக்க முடியாது. அதன் அருகில், பருமன் துல்லியமாகத் தெரிந்த இன்னொரு கலம். இரண்டையும் ஒரு குழாய் இணைக்கிறது; நடுவில் ஒரு வால்வு. தெரியாத கலத்திலிருந்த காற்றைப் பம்பால் வெளியேற்றிவிட்டு, தெரிந்த கலத்தில் உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி, முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து அழுத்தத்தைக் குறித்துக்கொள்கிறோம். பிறகு வால்வைத் திறக்கிறோம். வாயு இரண்டு கலங்களிலும் பரவுகிறது, அழுத்தம் குறைகிறது. வெப்பநிலை மாறாதிருந்தால் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கி வரும் மதிப்பு மாறாது என்று 1662ஆம் ஆண்டில் பாயில் வெளியிட்ட விதியே கணக்குக்குப் போதும். எங்கள் தெரிந்த கலம் 1 லிட்டர். தொடக்க அழுத்தம் 300 கிலோபாஸ்கல், திறந்தபின் 75. அழுத்தம் நான்கில் ஒன்றாகக் குறைந்திருப்பதால் வாயுவுக்குக் கிடைத்த இடம் நான்கு மடங்காகியிருக்கிறது, அதாவது 4 லிட்டர். அதில் தெரிந்த கலத்தின் 1 லிட்டரைக் கழித்தால் தெரியாத கலம் 3 லிட்டர்.

பழைய கையேட்டில் இதற்கு 'வாயு மாற்று முறை' என்று பெயர். ஆண்டுதோறும் மாணவர்களில் பலர் விடையை 4 லிட்டர் என்றே எழுதுகிறார்கள். சென்ற பருவத்தில் ஒரு மாணவியை அழைத்து, 1 லிட்டரை ஏன் கழிக்கவில்லை என்று கேட்டேன். "கேஸை இதுலேருந்து அதுக்கு மாத்திட்டோம் சார், அப்புறம் இதுல என்ன இருக்கும்?" என்றாள். அவள் பெயரை நம்பியிருக்கிறாள். மாற்றுவது என்றால் ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது. பழைய இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும். தவறு அவளுடையதன்று, தலைப்பை வைத்தவர்களுடையது என்று அன்று எனக்குத் தோன்றியது. அவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே முறைக்கு ஒரு பெயர் வேண்டும். தெரிந்த கலத்தையும் தெரியாத கலத்தையும் பிரித்துக் காட்டப் பெயர்கள் வேண்டும். வால்வுக்குள்ளும் இணைப்புக் குழாய்க்குள்ளும் இருந்துகொண்டு கணக்கைக் கெடுக்கும் சிறு இடத்துக்கு, 'டெட் வால்யூம்' என்று நாங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதற்கு, ஒரு பெயர் வேண்டும். வியாழன் மாலைக்குள் உதவுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து, செவ்வாய் விடியல்

தம்பிக்கு,

உங்கள் மடலை இருமுறை படித்தேன். ஒரு கலத்தின் உட்புறம் எவ்வளவு கொள்ளும் என்று அறிவது நமக்குப் புதிய தொழிலன்று. அதற்குப் பெயரில்லை என்று நாம் எண்ணுவதே பிழை. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவையை நான்காகப் பகுத்தவர்கள் நம்மவர்கள். கலத்தால் அளப்பது முகத்தல். "அளவிற்கும் நிறையிற்கும் மொழிமுதல் ஆகி உளவெனப் பட்ட ஒன்பதிற்று எழுத்தே" என்று தொல்காப்பியத் தொகைமரபு, அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எந்த எழுத்துகளில் தொடங்கும் என்பதையே ஒரு நூற்பாவாக்கி வைத்திருக்கிறது. அளவுக்கு உரை காட்டும் பெயர்களைப் பாருங்கள்: கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு. பாத்திரத்தின் பெயரே அளவின் பெயராகவும் நிற்கிறது. நீங்கள் எடுத்த எடுப்பிலேயே 'கலம்' என்று எழுதினீர்கள். அதுவே 12 குறுணி, அதாவது 96 படி கொண்ட ஓர் அளவு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

முகத்தல் இறந்த சொல்லுமன்று. குழாயடியில் 'ஒரு குடம் மொண்டு வா' என்கிறோமே, அந்த மொள்ளுதலும் முகத்தலும் ஒன்றே. முகம் என்பதற்கு வாய் என்றும் பொருள் உண்டு. கலத்தின் வாயை நீரில் ஆழ்த்தி எடுப்பதால் முகத்தல் ஆயிற்று என்பது என் நெடுநாளைய துணிபு. முகப்பு, முகடு, முகிழ்த்தல் ஆகியவற்றையும் இந்த வேரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைத் தனி மடலில் எழுதுகிறேன். "ஆழ அமுக்கி முகக்கினும் ஆழ்கடல்நீர் நாழி முகவாது நானாழி" என்ற மூதுரையைக் குழந்தைகளும் அறிவார்கள். கடலில் எவ்வளவு ஆழத்தில் அமுக்கினாலும் ஒரு நாழிக் கலம் நான்கு நாழி நீரை முகக்காது. கலத்தின் கொள்ளளவு அதன் உடைமை, சூழலின் உடைமையன்று. உங்கள் செய்முறையின் அடிப்படையே இதுதான் அல்லவா?

வாயு வடசொல். "வளி வழங்கு திசையும்" என்று புறநானூற்றின் இருபதாம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் பாடியிருக்கும்போது நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. வளியால் முகந்து அளப்பது வளிமுகத்தல். அதற்குரிய கருவி வளிமுகவை. இவற்றையே பரிந்துரைக்கிறேன்.

அம்பத்தூரிலிருந்து, செவ்வாய் முற்பகல்

ஐயாவின் மடலைப் படிக்கும்போது என் தமிழாசிரியர் வகுப்பில் மீண்டும் உட்கார்ந்தது போலிருந்தது. ஆனாலும் மறுத்தே எழுத வேண்டியிருக்கிறது. பள்ளியில் அறிவியல் படித்த எந்தப் பிள்ளையிடமும் 'முகவை' என்று சொன்னால் பீக்கரைத்தான் எடுத்து வருவான். பாடநூல் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. வளிமுகவை என்றால் காற்றுப் பீக்கர் என்றாகும். மொள்ளுவது என்றால் கலத்தைத் தண்ணீரில் அமிழ்த்தித் தூக்குவது. இந்தச் செய்முறையில் யாரும் எதையும் அமிழ்த்துவதுமில்லை, தூக்குவதுமில்லை.

நான் பட்டறைக்காரன். அழுத்தக் கலன்கள் செய்து, கசிவு பார்த்து அனுப்புவது என் தொழில். இதே கணக்கை நாங்களும் போடுகிறோம், ஆனால் வெற்றிடப் பம்ப் கிடையாது. தெரியாத கலனில் சாதாரணக் காற்று இருக்கும்போதே வால்வைத் திறந்துவிடுவோம். தெரிந்த கலன் 1 லிட்டர், அதில் 300. தெரியாததில் வெளிக்காற்றின் 101. திறந்தபின் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். 300இலிருந்து 150 போனால் 150. 150இலிருந்து 101 போனால் 49. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 3.06 லிட்டர். இதில் கேஜ் (வெளிக்காற்றைவிட அழுத்தம் எவ்வளவு கூடுதல் என்று மட்டும் காட்டும் முள்கருவி) காட்டும் எண்ணை அப்படியே போட்டாலும் விடை சரியாகவே வரும், ஏனென்றால் கழிக்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. அந்தப் பழக்கத்திலேயே தம்பியின் செய்முறைக்குப் போகும் மாணவன் மாட்டிக்கொள்வான். அங்கே 75 என்பது வெளிக்காற்றைவிடக் குறைவு. கேஜ் கணக்கில் அது கழித்தல் 26. ஆகவே கையேட்டில் 'கேஜ் அழுத்தம்', வெற்றிடத்தைச் சுழியாக வைத்து எண்ணும் 'தனி அழுத்தம்' என்ற இரண்டையும் முதல் பக்கத்திலேயே பிரித்துச் சொல்லுங்கள். கேஜ் என்ற சொல்லைத் தயவு செய்து மாற்றாதீர்கள். அந்தப் பையன் நாளை என்னிடம் வேலைக்கு வரும்போது அதைத்தான் கேட்பான்.

இன்னொன்று. வாயுவை வேகமாக நிரப்பினால் கலன் கதகதவென்று ஆகிவிடும். கை வைத்தாலே தெரியும். ஆற ஆற முள் மெல்ல இறங்கும். பையன்கள் முதலில் கண்ட எண்ணைக் குறித்துவிட்டு, இறக்கத்தைக் கசிவு என்று எண்ணி, சோப்பு நுரையை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பாகத் தடவிக்கொண்டிருப்பார்கள். ஒரு குமிழியும் வராது. இந்தக் காத்திருப்புக்கும் ஒரு சொல் வைத்தால் நல்லது.

வளசரவாக்கத்திலிருந்து, செவ்வாய் மாலை

வணக்கம். மயிலாப்பூர் ஐயா எடுத்துக்காட்டிய மூதுரை அடியில் 'அமுக்கி' என்ற சொல்லைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். எங்கள் பௌதிக நூல்களில் 'அழுத்தம்' இல்லை, 'அமுக்கம்'தான். பருமனை நாங்கள் கனவளவு என்போம். அழுத்தம் என்றால் மனத்தின் அழுத்தமும் சொல்லின் அழுத்தமும் வந்து கலந்துவிடுகின்றன. அமுக்கம் என்றால் கையால் அமுக்குவது ஒன்றுதான். ஒரே அடியில் அமுக்கமும் முகத்தலும் ஒளவை வாக்கில் சேர்ந்து நிற்பதை இதுவரை நான் கவனித்ததில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் தமிழ்நாட்டுக் கையேட்டில் அமுக்கத்தைப் புகுத்துமாறு நான் கேட்கமாட்டேன். மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன் 1875ஆம் ஆண்டில் வேதியியல் நூலைக் 'கெமிஸ்தம்' என்ற பெயரில் வெளியிட்டார். இன்று இலங்கையில் அது இரசாயனவியல், இங்கே வேதியியல். கெமிஸ்தம் எங்கேயும் நிலைக்கவில்லை. ஒலியைக் கடன் வாங்கினால் நிலைக்கும் என்றும் சொல்ல முடியாது, தூய சொல் என்றால் நிலைக்கும் என்றும் சொல்ல முடியாது. வகுப்பறையில் தொடர்ந்து எது ஒலிக்கிறதோ அதுதான் நிற்கிறது. என் வேண்டுகோள் ஒன்றே: சொல்லடைவில் அழுத்தத்துக்கு எதிரே அமுக்கத்தையும், பருமனுக்கு எதிரே கனவளவையும் சேர்த்து அச்சிடுங்கள். கடலுக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களும் அந்தக் கையேட்டைத் திறக்கக்கூடும்.

கிண்டியிலிருந்து, செவ்வாய் இரவு

சுருக்கமாக எழுதுகிறேன். சிமெண்ட்டு போன்ற தூள்களின் உண்மையான பருமனை நாங்கள் இதே விதியால்தான் காண்கிறோம். கருவிக்குக் 'கேஸ் பிக்னோமீட்டர்' என்று பெயர். தூளை ஒரு சிற்றறையில் இட்டு ஹீலியத்தை விரியவிட்டால், தூள் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று அழுத்தம் சொல்லிவிடும். ஹீலியம் மிக நுண்ணிய துளைகளுக்குள்ளும் புகும் என்பதாலும், பாயில் விதிக்கு அப்படியே அடங்கும் 'நல்லியல்பு வாயு'வை ஒட்டி நடக்கும் என்பதாலும் அதைப் பயன்படுத்துகிறோம். கிரேக்கத்தில் 'பிக்னோஸ்' என்றால் அடர்ந்தது. அதை வேரறிந்து பெயர்த்து 'அடர்த்திமானி' என்று யாராவது முன்மொழிவதற்குள் சொல்லிவிடுகிறேன், அந்தக் கருவி அடர்த்தியை அளப்பதில்லை. பருமனைத்தான் அளக்கிறது, நிறையைத் தராசில் தனியே பார்த்து வகுத்தால்தான் அடர்த்தி. கிரேக்கப் பெயரே தவறான இடத்தில் ஒட்டியிருக்கும்போது அதன் தமிழ் நிழல் நமக்கு வேண்டாம்.

பெரம்பூரிலிருந்து, புதன் காலை

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு எல்லா மடல்களையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, என் மாணவியின் கேள்வியிலிருந்தே மீண்டும் தொடங்கினேன். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வால்வைத் திறந்தபின் வாயு இரண்டு இடத்திலும் இருக்கிறது. எந்தச் சொல் அதைத் தானாகவே சொல்லும்? 'விரிவு' என்று எழுதிப் பார்த்தேன். விரிவு வாயுவுக்குப் பொருந்துகிறது, ஆனால் பழைய இடத்தில் எஞ்சி நிற்பதைச் சொல்லவில்லை. 'பரவல்' என்றால் அழுத்த வேறுபாடே இல்லாமல் மணம் பரவுவது போன்ற வேறொரு நிகழ்வோடு குழம்பும். கடைசியில் 'பகிர்வு' என்று எழுதினேன். இருப்பதை இருவர் பகிர்ந்துகொண்டால் கொடுத்தவரிடமும் ஒரு பங்கு இருக்கும். அழுத்தம் இரண்டிலும் சமமாகும்வரை பகிர்வு நடக்கிறது. ஒவ்வொரு கலமும் தன் பருமனுக்கேற்ற பங்கைப் பெறுகிறது. ஆகவே 'வளிப்பகிர்வு முறை'. வளிமண்டலம் என்று எல்லாரும் சொல்லிப் பழகிவிட்டதால் வளி யாருக்கும் புரியாமல் போகாது.

கலங்களுக்கு 'அறிகலம்', 'அறியாக்கலம்' என்று எண்ணியிருக்கிறேன். டெட் வால்யூமைச் சாவோடு இணைக்க மனமில்லை. அது எங்கே இருக்கிறதோ அதைக்கொண்டு 'இடைப்பருமன்' எனலாம். அம்பத்தூர் அண்ணன் கேட்ட காத்திருப்புக்கு 'நிலைகொள் நேரம்'.

அந்த நிலைகொள் நேரத்தை நான் ஏன் தனிப் பத்தியாக எழுதுகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. எங்கள் ஆய்வகத்தில் மின்விசிறி மட்டுமே. 30 பாகை வெப்பநிலையில், வாயு 3 பாகை கூடுதலாகச் சூடாக இருக்கும்போதே முள்ளைப் படித்துவிட்டால் அழுத்தத்தில் 1 விழுக்காடு பிழை வரும். அண்ணனின் எடுத்துக்காட்டில் 150க்குப் பதிலாக 151.5 என்று எழுதியதாக வைத்துக்கொண்டால் விடை 3.06இலிருந்து 2.94க்கு இறங்கிவிடுகிறது. அழுத்தத்தில் 1 விழுக்காடு, பருமனில் ஏறக்குறைய 4 விழுக்காடாக வளர்கிறது. சென்னைக் காற்றின் ஈரம் இன்னொரு தொல்லை: 30 பாகையில் நீராவி 4.2 கிலோபாஸ்கல்வரை இருக்கலாம். அதை அமுக்கும்போது ஒரு பகுதி நீராகிவிட்டால் பாயில் விதியையே அந்தப் பகுதி பின்பற்றாது. அதனால்தான் வெளிக்காற்றை விட்டுவிட்டு உலர்ந்த நைட்ரஜன்.

தாம்பரத்திலிருந்து, புதன் பிற்பகல்

பெரம்பூர் ஐயாவுக்கு வணக்கம். பகிர்வு என்ற சொல் எனக்கு உடன்பாடு. 'நீர்ப்பகிர்வு' போல இதிலும் வல்லினம் மிகும் என்பதால் நீங்கள் எழுதிய வடிவம் சரியானதே. ஆனால் 'அறிகலம்' கூடாது. அது வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன்: ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்றுமாகும். அதேபோல அறிகலம் என்பது முன்பே அறிந்த கலமும் ஆகும், இனி அறியப்போகும் கலமும் ஆகும். உங்கள் செய்முறையில் இவை இரண்டும் இரண்டு வெவ்வேறு கலங்கள்! எந்த இரண்டைப் பிரித்துக் காட்ட வேண்டுமோ, அந்த இரண்டையும் ஒரே சொல் தழுவிக்கொள்கிறது. 'அறியாக்கலம்' என்பதோ, ஒன்றும் அறியாத கலம் என்று கலத்தையே எழுவாயாக்கிவிடும்.

எடைக்கல்லைப் 'படிக்கல்' என்பார்கள். ஒத்துப் பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் நிலையான கல். அந்த வழியில் பருமன் தெரிந்த கலத்தைப் 'படிக்கலம்' என்று சொல்லலாம். படி என்பதே முகத்தல் அளவாகவும் இருப்பதால் மயிலாப்பூர் ஐயாவின் மரபும் இதில் காக்கப்படுகிறது. தெரியாததை 'ஆய்கலம்' என்றால் போதும். இதுவும் வினைத்தொகைதான், ஆனால் ஆய்ந்தாலும் ஆய்ந்துகொண்டிருந்தாலும் இனி ஆய்வதானாலும் அது அந்த ஒரே கலத்தைத்தான் குறிக்கும். படிக்கம் என்ற எச்சில் கலத்தோடு ஒலி நெருங்குகிறதே என்று என் உடன் ஆசிரியர் ஒருவர் சொன்னார். இன்றைய பிள்ளைகளில் படிக்கத்தைப் பார்த்தவர்கள் யாருமில்லை என்பதால் அந்தக் கவலை எனக்கில்லை.

வேளச்சேரியிலிருந்து, புதன் இரவு

எல்லாரும் ஒப்புக்கொள்ளும் நேரத்தில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் நுரையீரல் மருத்துவர். இந்த விதியை நாங்கள் மனித உடலின்மீதே பயன்படுத்துகிறோம். நோயாளி தொலைபேசிக் கூண்டு போன்ற ஒரு மூடிய அறையில் அமர்ந்து குழாயின் வழியே மூச்சு விடுவார். குறித்த நொடியில் குழாயை அடைத்துவிடுவோம். அடைப்புக்கு எதிராக அவர் மூச்சிழுக்க முயலும்போது நெஞ்சு விரிகிறது, நுரையீரலுக்குள் அழுத்தம் குறைகிறது, கூண்டுக்குள் அழுத்தம் சிறிது ஏறுகிறது. இந்த இரு மாற்றங்களிலிருந்து நெஞ்சுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று கணக்கிடுகிறோம். இங்கே விதி பாயிலுடையதுதான், அளப்பதும் கலத்தின் பருமன்தான்; ஆனால் யாரும் எதையும் பகிர்ந்துகொள்வதில்லை. பகிர்வு நடக்கும் சோதனை வேறு: ஹீலியம் கலந்த காற்றை நோயாளி திரும்பத் திரும்பச் சுவாசித்து, நுரையீரலிலும் கருவியிலும் ஹீலியத்தின் செறிவு ஒன்றாகும்வரை காத்திருப்போம். அங்கே அளப்பது அழுத்தமன்று, செறிவு. ஆக, 'வளிப்பகிர்வு' என்பது அழுத்தத்தால் அளக்கும் எங்கள் முறையை விட்டுவிட்டு, அழுத்தத்தால் அளக்காத முறையைத் தழுவிக்கொள்கிறது. ஒரு கலைச்சொல் அதன் துறைக்கு வெளியேயும் நிற்க வேண்டாமா? 'அழுத்தவழிப் பருமன் காணல்' என்று பொதுவாக வைத்தால் எல்லாருக்கும் உதவும்.

பருமன் என்ற சொல்லிலும் எனக்கு இடர்ப்பாடு உண்டு. 'உங்கள் நுரையீரல் பருமன் கூடியிருக்கிறது' என்றால் நோயாளி தன் உடல் பருமனைச் சொல்வதாகவே எண்ணுகிறார். கொள்ளளவு என்று மாற்றினால் வேறொரு சிக்கல்: எங்கள் துறையில் ஒன்றுக்கு மேற்பட்ட பருமன்களைக் கூட்டி வருவதற்குத்தான் கொள்ளளவு என்று பெயர். முழு மூச்சையும் விட்டபின் எஞ்சுவது பருமன். இயல்பாக மூச்சு விட்டபின் எஞ்சுவது, அதையும் இன்னொன்றையும் சேர்த்த கொள்ளளவு. வளி பற்றியும் ஒரு சொல்: "வளிமுதலா எண்ணிய மூன்று" என்ற குறளில் வளி வாதத்தைக் குறிக்கிறது, சித்த மருத்துவரிடம் வளிமுறை என்றால் அவர் நாடியைப் பிடிப்பார். இதனால் வளியை விட்டுவிடச் சொல்லவில்லை. இத்தனை பொருளையும் ஒரு சொல் சுமக்கிறது என்பதை அறிந்து எழுதுவோம்.

பெரம்பூரிலிருந்து, வியாழன் இரவு

மருத்துவர் அம்மாவின் மறுப்பு நியாயமானது. இதைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். அம்மா கேட்பது ஒரு குடும்பத்துக்குப் பெயர். நான் தேடுவது அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குப் பெயர். செயற்கைக்கோளில் மீதமிருக்கும் எரிபொருளைக் காண்பதற்கும் தொட்டியில் இருக்கும் ஹீலியத்தின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வகத்துக்கு வந்த நண்பர் ஒருவர் இன்று நினைவூட்டினார். அதுவும் இந்தக் குடும்பம்தான், அங்கேயும் இரு கலப் பகிர்வு இன்றியமையாததன்று. ஆகவே இயலின் முகப்பில் 'அழுத்தவழிப் பருமன் காணல்' என்ற பொதுத் தலைப்பும், அதன்கீழ் செய்முறையின் பெயராக 'வளிப்பகிர்வு முறை' என்பதும் இருக்கும்.

இன்று பிற்பகல் ஒரு வகுப்பில் நடத்திப் பார்த்தேன். கரும்பலகையில் 'வளிப்பகிர்வு முறை' என்று மட்டும் எழுதி, விளக்காமல் விட்டுவிட்டேன். மூன்று குழுக்கள். முதல் குழுவினர் இரண்டு கலங்களிலும் வெள்ளை ஒட்டுத்தாளை ஒட்டி, ஒன்றில் 'தெரிஞ்சது' என்றும் மற்றொன்றில் 'தெரியாதது' என்றும் பேனாவால் எழுதிக்கொண்டார்கள். படிக்கலம், ஆய்கலம் என்ற சொற்களை நான் அப்போது சொல்லியிருக்கவில்லை. வால்வைத் திறந்து முள் நின்றதும் ஒரு பெண் தன் தோழியிடம், "பங்கு போட்டாச்சுன்னா ரெண்டையும் சேர்த்துத்தான் நாலு, இது ஒண்ணைக் கழிச்சுடு" என்றாள். இரண்டாம் குழுவும் கழித்தார்கள், ஆனால் இடைப்பருமனை மறந்துவிட்டார்கள். மூன்றாம் குழு பழையபடி 4 லிட்டர் என்றே எழுதியது. சொல் ஒன்றால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மூன்றில் இரண்டு குழு சரியான இடத்தில் கழித்ததை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஒட்டுத்தாளைப் பார்த்தபின் 'தெரிந்த கலம்', 'தெரியாத கலம்' என்றே விட்டுவிடலாமா என்றும் தடுமாறினேன். படத்தில் அந்தச் சொற்களையே போட்டு, பாடத்தில் முதல் முறை வரும் இடத்தில் 'படிக்கலம் எனப்படும் தெரிந்த கலம்' என்று அறிமுகப்படுத்திவிட்டுப் பிறகு படிக்கலம், ஆய்கலம் என்றே தொடர்ந்திருக்கிறேன். சொல்லடைவில் அமுக்கமும் கனவளவும் சேர்ந்துவிட்டன. கேஜ் கேஜாகவே இருக்கிறது. கோப்பு காலை எட்டு மணிக்குப் போகிறது.

அம்பத்தூரிலிருந்து, வியாழன் இரவு

நல்லது தம்பி. நிலைகொள் நேரம் எத்தனை நிமிடம் என்று கையேட்டில் எண் போட்டுவிடாதீர்கள். கலன் இரும்பா பித்தளையா, சிறிதா பெரிதா என்பதைப் பொறுத்து மாறும். 'முள் ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்கும்வரை' என்று எழுதுங்கள். பையன் கடிகாரத்தைப் பார்க்காமல் முள்ளைப் பார்க்கட்டும்.

மயிலாப்பூரிலிருந்து, வெள்ளி விடியல்

தம்பிக்கு,

பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பகிர்வு நல்ல தமிழ்ச்சொல். அதைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் பகிர்வு நடப்பதைச் சொல்கிறது, அளப்பதைச் சொல்லவில்லை. நால்வகை அளவையில் ஒன்றுக்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு சொல் இருந்தும், அதே அளவையைச் செய்யும் ஒரு முறையின் பெயரில் அது இடம்பெறவில்லை என்பது என் மனத்தை விட்டு நீங்கவில்லை. முகவை பீக்கரான பிறகு முகத்தலையும் நாம் இழக்க வேண்டுமா? அடுத்த பதிப்பின்போது இதை மீண்டும் எழுப்புவேன். அதுவரை என் மறுப்பை இந்தக் குழுவில் பதிவாக வைத்திருங்கள்.

படிக்கலம் என்பதைத் தாம்பரத்து ஆசிரியைக்காக முழு மனத்தோடு ஏற்கிறேன். முகம் என்ற வேர் பற்றிய மடல் எட்டுப் பக்கத்தைத் தாண்டிவிட்டது, ஞாயிறன்று அனுப்புகிறேன். கையேடு அச்சாகி வந்ததும் எனக்கு ஒரு படி அனுப்பி வையுங்கள்.